மாத்திரை வீட்டில், ஆள் மார்க்கெட்டில்: சிகிச்சையை விட்ட ஒரு காசநோயாளி பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்டு முதல் 2024 மார்ச் வரை சென்னையில் ஒரு காசநோயாளிக்கு நடந்த சிகிச்சையின் பதிவு இது. அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர், குடியிருப்பு, மையம் எதையும் குறிப்பிடவில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். காசநோய்ப் பிரிவில் ஆலோசகராக வேலை செய்கிறேன். இவர் விஷயம் என்னிடம் வந்தது நவம்பரில். அதற்கு முன் நடந்தவற்றைக் கோப்பிலிருந்தும், குடும்பத்தாரிடமும் ஊழியர்களிடமும் கேட்டும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

நோயாளிக்கு வயது 46. கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். இரவு பத்து, பதினோரு மணிக்கு லாரிகள் வரத் தொடங்கும். மூட்டைகளை இறக்கி மண்டியில் அடுக்கி, விடிகாலையில் சில்லறை வியாபாரிகளின் வண்டிகளில் ஏற்றி முடிக்க ஐந்தரை ஆகிவிடும். இவருடைய அப்பாவும் இதே வேலைதான் செய்தார், ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி இருந்த காலத்தில். 1996-இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியபோது குடும்பமும் பின்னாலேயே வந்து, அரும்பாக்கம் பக்கம் கூவம் கரையில் குடிசை போட்டது. மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

2015 வெள்ளத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் கூவம் கரைக் குடிசைகள் அகற்றப்பட்டன. இவர்களுக்கு நகரத்தின் தென்கோடியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பழைய மாமல்லபுரம் சாலை (ஓஎம்ஆர்) பக்கம் இருக்கிற குடியிருப்புகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து கோயம்பேட்டுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி வேலைக்காரருக்கு அது தினமும் போய்வரும் தூரம் கிடையாது. அதனால் வாரத்தில் ஆறு நாள் மார்க்கெட் தாழ்வாரத்திலேயே பகலில் தூங்குவார், ஒரு நாள் வீட்டுக்கு வருவார். முதல் முறை வேலை நகர்ந்தபோது வீடும் கூட நகர்ந்தது. இரண்டாம் முறை வீடு மட்டும் நகர்ந்தது. இந்தக் குடும்பத்தின் எல்லாச் சிக்கலுக்கும் அடியில் இது இருக்கிறது.

இன்னொரு விஷயம் கடன். 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டு, வியாபாரம் திருமழிசைக்குப் போனது. செப்டம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த மாதங்களில் வாங்கிய தண்டல், அதை அடைக்க வாங்கிய இன்னொரு தண்டல் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. தண்டல்காரருக்குத் தினமும் பணம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கூலி போனால் அன்றைய தவணையும் போய்விடும்.

மனைவி ஓஎம்ஆரில் ஓர் ஐடி கம்பெனியில் காண்டிராக்டர் மூலம் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார். மகளுக்கு 21 வயது, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிகிச்சை தொடங்கியது

ஒரு மாதத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு. ஆகஸ்டில் சளிப் பரிசோதனை செய்ததில் நுரையீரல் காசநோய் உறுதியானது. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை. எடை 42 கிலோ. அந்த எடைக்கு நாளொன்றுக்கு மூன்று கூட்டு மாத்திரை: முதல் 2 மாதம் நான்கு மருந்து சேர்ந்தது, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. ஆதாரில் உள்ள முகவரிப்படி, வீட்டுக்குப் பக்கத்து மையத்தில் அவரைப் பதிவு செய்தார்கள். “காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதல் ஐந்து வாரம் வீட்டிலேயே படுத்திருந்தார், ஒரு வேளையும் தவறவில்லை. இருமல் குறைந்து காய்ச்சல் நின்றதும் செப்டம்பர் நடுவில் வேலைக்குத் திரும்பினார். அப்புறம்தான் இடைவெளி விழத் தொடங்கியது. அக்டோபரில் பாதி நாள் மாத்திரை போகவில்லை. இரண்டாம் மாத முடிவில் கொடுக்க வேண்டிய சளி மாதிரியைக் கொடுக்க வரவில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து மூன்று வாரம் மாத்திரையே இல்லை.

கோப்பு என்னிடம் வந்தபோது குறிப்புப் பகுதியில் இப்படி எழுதியிருந்தது: “மது அருந்துபவர். போனை எடுப்பதில்லை. வீட்டில் பொறுப்பாகப் பதில் சொல்வதில்லை. ஒத்துழைப்பு இல்லை.” ஒரு ஊழியர் குடியிருப்பின் பெயரைச் சொல்லி, “அந்த ஏரியா ஆளுங்க அப்படித்தான் மேடம்” என்றார். அந்த ஏரியா என்று சொன்னால் வீட்டு வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் எடுக்க யோசிக்கிறார்கள் என்பதும், அங்கே இருப்பவர்கள் நேர்காணலில் வேறு முகவரி சொல்வதும் சென்னையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுகாதார ஊழியர்களும் இதே ஊரில் வளர்ந்தவர்கள்தானே.

ஊழியர்களின் கோபத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காசநோய் மருந்தை விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அப்படி ஆனால் சிகிச்சை நீளும், மருந்துகள் கடுமையாகும். நெரிசலான மண்டியில் இருமுகிற ஒருவரால் இன்னொருவருக்கும் நோய் தொற்றலாம். ஒரு ஆளைத் தேடி மூன்று முறை மூன்றாம் மாடிக்கு ஏறி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இறங்கிய சுகாதாரப் பார்வையாளருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

வீட்டில் தெரிந்தது

மனைவியின் வார விடுமுறை எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்று போனேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். இருநூறு சதுர அடிகூட வராத வீடு. உள்ளே பேசுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். போனில் ஏன் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கூப்புட்ற நேரத்துல கம்பெனி வண்டியில இருப்பேன் மேடம். பக்கத்துல நாலு பேரு. டிபி ஆபீஸ்னு சொன்னா நான் இன்னா பேசறது? தெரியாதுன்னு சொல்லி வெச்சிடுவேன்.” தெரிந்தால் தன் வேலையும் போகும், மகளுக்கு வந்த சம்பந்தமும் நிற்கும் என்ற பயம். அது வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வரன் அப்பாவின் இருமலைப் பார்த்தே விலகியிருந்தது.

மாத்திரை எங்கே என்று கேட்டபோது அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு அட்டைகளை எடுத்தார். எண்ணிப் பார்த்தோம். தவறிய நாட்களின் மாத்திரை முக்கால்வாசி அங்கேயே இருந்தது. மீதி? வாரத்துக்கு ஒரு அட்டை சட்டைப் பையில் வைத்து அனுப்பியிருக்கிறார். ஒரு முறை மழையில் நனைந்து மாத்திரை கரைந்துவிட்டது. இன்னொரு முறை தூங்கும்போது பையோடு எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் அவர் கொண்டுபோகவே இல்லை. வாரத்தில் ஆறு நாள் மருந்து நகரத்தின் ஒரு மூலையிலும் ஆள் இன்னொரு மூலையிலும் இருந்திருக்கிறார்கள். இது கோப்பில் எங்குமே இல்லை. தூங்கும் இடமும் முகவரியில் உள்ள வீடும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று படிவமே நினைத்துக்கொள்கிறது. தனியாகக் கேட்கும்படி அதில் ஒரு வரியும் கிடையாது.

மார்க்கெட்டில் தெரிந்தது

அவரைப் பார்க்க காலை ஐந்தரைக்குப் போவது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊழியர்கள் கூப்பிட்டதெல்லாம் காலை பத்து முதல் நான்குக்குள். அது அவர் தூங்கும் நேரம். போன் பெரும்பாலும் டீக்கடையில் சார்ஜில் கிடக்கும்.

தாழ்வாரத்தில் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து பேசினோம். முதலில் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. “திட்டத்தானே மேடம் வந்தீங்க, திட்டிட்டுப் போங்க” என்றார். மாத்திரை பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து இந்த நேரம் வரைக்கும் என்னென்ன செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். அந்தக் கேள்விக்கு அவர் விரிவாகவே பதில் சொன்னார்.

இரவு பத்து மணிக்கு டீயும் பன்னும். நடுவில் இன்னொரு டீ. முதல் சாப்பாடு என்று சொல்லத்தக்கது காலை ஆறு மணிக்கு நாலு இட்லி. அவருக்கு “காலை வெறும் வயிறு” என்றால் விடிகாலை நான்கு மணி, வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். செப்டம்பரில் சொன்னபடியே அந்த நேரத்தில் போட்டிருக்கிறார். ஒரு பன்னும் டீயும் தவிர ராத்திரி முழுக்க எதுவும் போகாத வயிற்றில் மூன்று மாத்திரை, மேலே மூட்டை. குமட்டி, ஒரு நாள் தக்காளிப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்துவிட்டார். மேஸ்திரி அன்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். அடுத்த நாளும் வாந்தி. இரண்டு நாள் கூலி போனதில் தண்டல்காரர் மார்க்கெட்டுக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார்.

இன்னொன்றை மிகவும் தயங்கிச் சொன்னார். சிறுநீர் சிவப்பாகப் போனதைக் கூட வேலை செய்பவர் பார்த்துவிட்டு, “ரத்தமாப் போவுதுடா, கிட்னி போச்சு” என்று சொல்லியிருக்கிறார். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சு சிவப்பாகும், அதனால் கெடுதல் எதுவும் இல்லை. இதை முதல் நாளே சொன்னதாகக் கோப்பில் டிக் போட்டிருந்தது. சொல்லியிருப்பார்கள்தான். நோயின் பெயரைக் கேட்ட அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், இன்னும் பத்து விஷயங்களோடு சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

குடிப்பது உண்மை. பெரும்பாலான நாட்களில் வேலை முடிந்ததும் ஒரு கட்டிங், கூலி அதிகம் வந்த நாளில் ஒரு குவார்ட்டர். “குடிக்கலன்னா இந்தச் சத்தத்துல, இந்த வெயில்ல எப்படி மேடம் தூங்கறது? முதுகு வேற விட்டுப் போவுது” என்றார். காரணம் புரிகிறது. ஆனால் காசநோய் மருந்துகளில் மூன்று கல்லீரலைத் தாக்கக்கூடியவை. கூடவே மதுவும் சேர்ந்தால் ஆபத்து கூடும். காரணம் புரிந்துவிட்டதால் கல்லீரல் பிழைத்துக்கொள்ளாது. அதையும் அவரிடம் அன்றே சொன்னேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருத்துவ அலுவலர், மூத்த சிகிச்சை மேற்பார்வையாளர், சுகாதாரப் பார்வையாளர், நான் என நால்வரும் உட்கார்ந்து பேசினோம். மண்டிக்காரரிடம் சொல்லிவிடலாம், வேலையை விட்டு நிறுத்தினால் வீட்டில் இருந்து மாத்திரை போடுவார் என்று ஒரு யோசனை வந்தது. இதை நான் கடுமையாக எதிர்த்தேன். நோய் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்ல நமக்கு உரிமை கிடையாது. வேலை போனால் வேறு மண்டிக்கு, அல்லது வேறு ஊருக்கே போய்விடுவார். அப்புறம் அவரைத் தேடவே முடியாது.

“அவரால் தனியாக ஒழுங்காகச் சாப்பிட முடியாது” என்ற பேச்சு வந்தபோது சேத்துப்பட்டு ஆய்வை நினைவுபடுத்தினேன். 1956-இல் இதே ஊரில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை) மறுபகுதியினரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. ஏழைகள், நெருக்கடியான வீடுகள், போதாத சாப்பாடு. இவர்களை நம்பி மருந்தைக் கையில் கொடுக்கலாமா என்று அப்போதும் கேட்டார்கள். ஆய்வாளர்கள் ஊகத்தில் விடாமல் வீடுகளுக்குத் திடீரென்று போய்ப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-இல் வெளியான முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள்; குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்பதும் அடுத்து வெளியான முடிவில் தெரிந்தது. உலகமெங்கும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் முறைக்கு அது பெரிய ஆதாரமாக அமைந்தது. நம்முடைய ஊர்க்காரர்களின் வாழ்க்கையை நேரில் போய்ப் பார்த்ததால் கிடைத்த அறிவு அது. அதே ஊரில் நாம் ஒரு வரிக் குறிப்பை வைத்து ஒருவரைக் கைவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இடைவெளி ஒரு மாதத்தைத் தாண்டாததால் சிகிச்சையைத் தொடரலாம், தவறிய நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவ அலுவலர் முடிவு செய்தார். அதற்கு முன் சளியைத் திரும்பப் பரிசோதித்தோம். மைக்ராஸ்கோப்பில் கிருமி கொஞ்சம் இருந்தது. மருந்து எதிர்ப்பு இல்லை. எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது அப்போதுதான். கல்லீரல் பரிசோதனையில் அளவுகள் சற்றே கூடியிருந்தன, மருந்தை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

மருந்து வாங்கும் இடத்தை மார்க்கெட்டுக்கு அருகில் உள்ள மையத்துக்கு மாற்றினோம். நேரத்தையும் மாற்றினோம். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து நன்றாக உறிஞ்சப்படும் என்பது சரிதான். ஆனால் வாந்தியில் போகும் மருந்தாலும் அரிசி டப்பாவில் கிடக்கும் மருந்தாலும் பயன் இல்லை. வேலை முடிந்து ஆறு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டபின் போடலாம் என்று மருத்துவர் அனுமதித்தார். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி இருக்கிறதே, அங்கே போகலாமே என்றோம். “அது தொறக்க ஏழு மணி ஆவும் மேடம், அதுக்குள்ள நான் சாஞ்சிடுவேன்” என்றார்.

சிகிச்சைக்குத் துணையாக யார் இருப்பது என்பதில் எங்கள் மனதில் ஒரு தன்னார்வலர் இருந்தார். அவரை இவர் ஏற்கவில்லை. நீங்களே ஒருவரைச் சொல்லுங்கள் என்றோம். இரண்டு நாள் கழித்து, தினமும் இட்லி வாங்கும் தள்ளுவண்டி அக்காவைச் சொன்னார். நோயைப் பற்றி அவரே அக்காவிடம் பேசியும் விட்டார். மாத்திரை அட்டைகள் அக்காவின் கல்லாப்பெட்டியில் இருக்கும். இட்லித் தட்டோடு மாத்திரையும் வரும். மாத்திரை போட்டதும் அக்கா எங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்.

முடங்கிக் கிடந்த வங்கிக் கணக்கைச் சரிசெய்து, சத்துணவுக்காக அப்போது மாதம் 500 ரூபாய் வீதம் தரப்பட்ட உதவித்தொகை நிலுவையோடு வரவைத்தோம். மதுவை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் எங்களைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார் என்று தோன்றியது. அதனால் குறைப்பது, முதுகு வலிக்குத் தனியாக மருத்துவம், மதுப்பழக்க ஆலோசனைக்கு அனுப்புவது என்று பிரித்துக்கொண்டோம்.

பிறகு நடந்தது

ஏற்பாடு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை. அவர் குடியிருப்பைச் சுற்றித் தண்ணீர், வீட்டோடு சில நாள் தொடர்பே இல்லை. பழைய முறையில் இருந்திருந்தால் மருந்து நிச்சயம் நின்றிருக்கும். இட்லி வண்டி இரண்டு நாள் வரவில்லை. ஆனால் மழை வருகிறது என்றதும் அக்கா நான்கு நாள் மாத்திரையை பிளாஸ்டிக் கவரில் முடிந்து அவர் கையில் கொடுத்திருந்தார். எங்களில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

ஜனவரியில் சறுக்கல். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் லாரி லாரியாக இறங்கும் நாட்கள். ஓய்வே இல்லை, கூலி அதிகம், குடியும் அதிகம். நான்கு நாள் மாத்திரை போடவில்லை. இந்த முறை ஐந்தாம் நாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அக்கா போனில் கூப்பிட்டார். போய்ப் பேசினோம், தொடர்ந்தார்.

மதுப்பழக்க ஆலோசனைக்கு ஒரு முறைதான் போனார். குடி குறைந்தது, நிற்கவில்லை. தாழ்வாரத்தில்தான் இன்னும் தூங்குகிறார்.

மார்ச் கடைசியில், விட்டுப்போன நாட்களையும் சேர்த்து, சிகிச்சை முடிந்தது. சளியில் கிருமி இல்லை. குணமானவர் என்று பதிவானது. எடை 48 கிலோ. காசநோயாளிக்கு ஆரம்ப மாதங்களில் எடை ஏறுவது எவ்வளவு முக்கியம் என்பதை ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஊட்டச்சத்து ஆய்வு காட்டியது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. இவருக்கு அந்த முதல் மாதங்களில் எடை ஒரு கிலோகூட ஏறவில்லை. ஏறியது எல்லாம் டிசம்பருக்குப் பிறகுதான்.

மாற வேண்டியவை

எங்கள் பிரிவில் இப்போது முதல் நாளே சில கேள்விகளைக் கேட்கிறோம்: எங்கே தூங்குகிறீர்கள், மாத்திரை போட வேண்டிய நேரத்தில் எங்கே இருப்பீர்கள், அதற்கு முன் என்ன சாப்பிட்டிருப்பீர்கள், யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது, எந்த நேரத்தில் கூப்பிட்டால் பேச முடியும். கேட்டு எழுதப் பத்து நிமிடம் ஆகும். வெளிநோயாளிகள் கூட்டம் நிற்கும்போது அந்தப் பத்து நிமிடம் சுலபமில்லை. அதனால் பல நாட்களில் இரண்டாம் சந்திப்புக்குத் தள்ளிவைக்கிறோம். சிறுநீரின் நிறத்தைப் பற்றி எல்லோருக்கும் இரண்டாம் சந்திப்பில் மறுபடி சொல்கிறோம்.

குறிப்புப் பகுதியில் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும் என்று மருத்துவ அலுவலர் சொல்லியிருக்கிறார். “ஒத்துழைப்பு இல்லை” என்று எழுதினால், எத்தனை மணிக்குப் போனோம், யாரைப் பார்த்தோம் என்பதும் கூடவே இருக்க வேண்டும். இவர் கோப்பில் அந்த மூன்று வருகைகளின் நேரத்தையும் அப்போதே குறித்திருந்தால், மூன்றும் பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையே என்பது யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

ஆதார் முகவரியை வைத்து மையம் ஒதுக்குவதும் மாற வேண்டும். வாரியக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டவர்களில் இவரைப் போலப் பழைய வேலையைப் பழைய இடத்திலேயே செய்பவர்கள் நிறையப் பேர்: மீன் விற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள். மையத்தை மாற்றிக்கொள்ளும் வசதி முறைப்படி இருக்கிறது. அதை நோயாளிக்குச் சொல்லும் பழக்கம்தான் இல்லை. இவருக்கு ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தால் அந்த மூன்று வார இடைவெளி வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

சரியாக முடியாமல் நிற்பது மகளின் விஷயம். வீட்டில் இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்ததில் நோய் இல்லை. தடுப்பு மருந்தை மனைவி எடுத்துக்கொண்டார். மகளுக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை. மாத்திரை அட்டையை யாராவது பார்த்தால் என்ன ஆவது, கல்யாணம் முடியட்டும் என்கிறார். மகளுக்கு 21 வயது, முடிவு அவருடையது. அதனால் அவரிடம் தனியாகப் பேசினேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். குடியிருப்புக்குள் இல்லாமல், அவர் வேலை தேடிப் போய்வரும் வழியில் உள்ள ஒரு மையத்தில் அடுத்த எக்ஸ்ரேக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம்.